தூணுக்கு ஒதுங்கிய கால்

என் மனைவி ஜெசியின் தங்கை பெர்சிஸ் யாரையும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரங்கூனில் நாங்கள் இருக்கும் தின்கன்ஜூனில் பாதிப் பேர் அவள் எதிரில் வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார்கள். டைக்வாண்டோவில் கறுப்பு பெல்ட் வாங்கியவள் வழியில் போகிறவனையெல்லாம் உதைப்பாள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அவள் செய்ததோ பூம்சே. எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வகுத்து வைத்த வரிசையில் தடுத்து, குத்தி, உதைத்து, திரும்பி, தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். அடிகள் சரியாக விழுந்தனவா, உடம்பு அழகாக நின்றதா என்று நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எதிரியும் கிடையாது, ரத்தமும் கிடையாது. "ஆளே இல்லாத சண்டை. அதுலயும் தோக்கலாமாமே?" என்று என் மாமியார் ஜெயம்மா கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

பெர்சிஸ் பத்தாவது தேறியது 1988இல். அவள் கல்லூரி வாசலை மிதிப்பதற்குள் ஊரில் மாணவர் கிளர்ச்சி மூண்டு, துப்பாக்கி வெடித்து, கல்லூரிகளை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். ரங்கூனில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாழ்க்கை என்றால் படிப்பு, குமாஸ்தா வேலை, பென்ஷன், கல்லறைத் தோட்டம். வரிசையில் முதல் படியையே பிடுங்கிவிட்டால் அடுத்து காலை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து டைப்ரைட்டிங் படித்தார்கள். டைப் அடித்துத் தரச் சொல்லி யாரும் ஒரு காகிதம்கூடக் கொண்டுவரவில்லை.

அப்போது மரக் கம்பெனி ஒன்றில் கணக்கராக இருந்த கொரியாக்காரர் ஒருவர், ஞாயிறு தோறும் தன் வீட்டுத் தோட்டத்தில் டைக்வாண்டோ சொல்லிக்கொடுத்தார். சிநேகிதிக்குத் துணையாகப் போனாள் பெர்சிஸ். சிநேகிதி ஒரே வாரத்தில் நின்றுவிட்டாள், துணைக்குப் போனவள் நின்றபாடில்லை. முதல் சண்டைப் பயிற்சியில் எதிரே நின்ற பெண்ணை உதைக்கக் காலைத் தூக்கியவள், பாதியிலேயே இறக்கிவிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் அம்மாவுக்கு உடம்பு எப்படி என்றும் விசாரித்தாளாம். கொரியாக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அவளை பூம்சே பக்கம் தள்ளிவிட்டார். அங்கே அவள் தண்ணீரில் விட்ட மீன் மாதிரி ஆனாள். சில வருடங்களில் கம்பெனி கடையைக் கட்டியது. போகும்போது அவர் அவளுக்குக் கறுப்பு பெல்ட்டையும், உயர்நிலை பூம்சேக்கள் பதிவான ஒரு வீடியோ கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

கேசட்டைப் பார்த்துப் பழக இடம் வேண்டுமே. வீட்டில் கை நீட்டினால் அலமாரி, கால் நீட்டினால் ஜெயம்மா. கடைசியில் எங்கள் சர்ச் ஹால் கிடைத்தது. நல்ல ஹால்தான். ஆனால் அதன் நட்டநடுவில் ஒரு தூண் நின்றது. ஒரு மழைக்காலத்தில் பழைய ஓட்டுக்கூரை தொய்ந்தபோது முட்டுக் கொடுக்கக் கட்டியது. பிறகு கூரையையே கழற்றிவிட்டுத் தகரம் போட்டார்கள். புதுத் தகரம் தூணைத் தொடவே இல்லை. அதற்கும் தூணுக்கும் இடையில் ஒரு பூனை தாராளமாகப் படுத்திருந்தது. இருந்தும் தூணை இடிக்க முடியாது. சர்ச் செயலாளர் ஜெரால்ட் அதில் தன் அப்பா பெயரில் சலவைக்கல் பதித்திருந்தார்.

பெர்சிஸ் போய்க் கேட்டாள். "அங்கிள், அந்தத் தூணு எதையும் தாங்கலையே. எடுத்துட்டா பிள்ளைங்களுக்கு இடம் கிடைக்கும்."

"எங்க அப்பாவை எடுக்கச் சொல்றியாம்மா?" என்றார் ஜெரால்ட்.

கமிட்டியில் பேசுவோம் என்று முடிவாயிற்று. கமிட்டி கூடும், சமோசா வரும், லபெயே தேநீர் வரும், தூண் விஷயம் வரும்போது மணி ஆகிவிடும். இப்படிப் பல வருடம் ஓடியது. எங்கள் ஆட்கள் ஒரு நாட்டை ஆண்டிருந்தாலும் இப்படித்தான் ஆண்டிருப்பார்கள்.

ஆகவே பெர்சிஸ் தூணோடு குடித்தனம் நடத்தினாள். அவளுக்குப் பிடித்த பூம்சேயின் நடுக்கோடு நேராகத் தூணில் போய் முட்டும். அந்த இடத்தில் வலது காலை வெளியே விட்டு அரைவட்டமாக ஒதுங்கி, மறுபடி கோட்டுக்கு வருவாள். பெண்பிள்ளைகள் கற்றுக்கொள்ள வந்தார்கள். சயாமா, சயாமா என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆசிரியையைப் பர்மியர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். லைங் தாயா தையல் தொழிற்சாலையிலிருந்து விஜயகுமாரி என்ற பெண் ஞாயிறு விடுமுறையை முழுதாக பஸ்ஸில் கொட்டிவிட்டு வருவாள். எல்லாரிடமும் பெர்சிஸ் சொல்வாள்: "தூணுகிட்ட ஒதுங்குங்க. ஆனா இது பூம்சேயில கிடையாது. திறந்த இடத்துல நேராத்தான் போகணும்." பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். அவர்கள் திறந்த இடத்தைப் பார்த்தால்தானே.

இதற்கிடையில் கியாக்தானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கடை. மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "பொண்ணுக்குக் கோவம் வந்தா உதைக்குமா?"

"அய்யோ, இல்லீங்க. அது காத்தைத்தான் உதைக்கும்" என்றார் மாமியார், மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து.

"காத்தையா?" அந்த அம்மா மகனைப் பார்த்தார், மகன் பலகாரத் தட்டைப் பார்த்தான். காலித் தட்டை வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. உதைக்கிற பெண்ணையாவது கட்டியிருப்பார்கள், காற்றை உதைக்கிறவளைக் கட்ட மாட்டோம் என்றுவிட்டார்கள். பெர்சிஸ் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேறு ஆசை இருந்தது. ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"அத்தான், ஒரே ஒரு தடவை வெளிநாட்டுல போய், நல்லா தெரிஞ்ச நடுவர் முன்னாடி செஞ்சு காட்டணும். தப்புன்னு சொன்னாக்கூடப் பரவால்ல. தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லணும்."

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குக் குறுக்கே எத்தனை பேர் வந்து படுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதை.

2004இல் நகர அளவில் முதன்முதலாகப் பெண்கள் குழு பூம்சே போட்டி வைத்தார்கள். பெரிய உள்ளரங்கம், கண்ணுக்கெட்டிய தூரம் தரை, ஒரு தூண் கிடையாது. பெர்சிஸின் பிள்ளைகள் கம்பீரமாக இறங்கினார்கள். நடுக்கோட்டில் போனார்கள். அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வலது காலை வெளியே விட்டு, ஒன்றாக வளைந்து, ஒன்றாகத் திரும்பினார்கள். பக்கத்தில் நின்ற பெர்சிஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன்.

தங்கம் கொடுத்துவிட்டார்கள்.

நடுவர்களில் விவரம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஊ தௌங் சீன். சீருடையிலிருந்து ஓய்வு பெற்று விளையாட்டுக்கு வந்தவர். தன் உடம்பை வணக்காமல் எந்த விளையாட்டையும் நிர்வகிப்பார். அவர் அந்த வளைவைப் பார்த்து "ஆகா" என்றுவிட்டார். ஆனாடே என்று பர்மியர்கள் ஒன்று சொல்வார்கள். எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று, சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்வது. பெரியவர் "ஆகா" என்ற பிறகு எவன் "தப்பு" என்பான்? விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் விழுங்கிக்கொண்டார்கள்.

மறுவாரம் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். அவர் பேசியது பர்மியத்தில், நான் தமிழில் சொல்கிறேன்.

"சயாமா, அந்த வளைவை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"அது வளைவு இல்லீங்க. தூண்."

"என்ன தூண்?"

"எங்க சர்ச் ஹால் நடுவுல ஒரு தூண் இருக்கு. இடிச்சுக்காம ஒதுங்கிப் பழகிட்டாங்க. தப்புதாங்க. தங்கத்தைத் திருப்பிக் குடுத்துடறோம்."

ஊ தௌங் சீன் போட்டி முடிவுத் தாளை எடுத்துப் பார்த்தார். "நாங்க தங்கம் குடுத்தாச்சே."

"ஆமாங்க."

"அப்ப அது தூணா இருக்க முடியாது."

பிறகு அவர் விளக்கினார். அது மியன்மாரின் நடை. ஆற்றங்கரை மண்ணிலிருந்து வந்த நளினம். அயல்நாட்டு விளையாட்டில் நம் நாட்டு முத்திரை. இதையெல்லாம் அவர் அந்த ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருந்தார். எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பி, குரலைத் தாழ்த்தி, "வெளிநாட்டுப் போட்டி வந்தா முதல் பேரு உங்க பேருதான். தூண் பேச்சு மட்டும் வேணாம்" என்றார்.

வெளிநாடு என்ற சொல் பெர்சிஸின் வாயை அடைத்துவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த ஒன்றுக்காகத்தான் அவள் இத்தனை வருடம் தூணைச் சுற்றினாள்.

இனி எல்லாரும் அந்த இடத்தில் வளைய வேண்டும் என்று எல்லா வட்டாரத்துக்கும் உத்தரவு போயிற்று. வளைந்து பழக்கமில்லாதவர்கள் திண்டாடினார்கள். ஒரு வட்டாரத்தில் தரையின் நடுவில் நாற்காலியைப் போட்டுப் பழகினார்கள். விஜயகுமாரி தன் தொழிற்சாலைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, துணிப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டாளாம். எங்கள் ஜெரால்டின் அப்பா உயிரோடு இருந்தபோது அவரை அவர் தெருவில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது நாடே அவருக்கு ஒதுங்கி வழிவிட்டது.

2007 தொடக்கத்தில் ஒரு ஜெர்மன்காரி வந்தாள். பெயர் ஹைக்கே. தன் நாட்டில் பூம்சேயில் பெயர் வாங்கி, பிறகு பயிற்சியாளராகி, நாற்பது தாண்டியும் போட்டியை விடாதவள். ஒரு வாரப் பயிற்சி முகாமுக்கு அழைத்திருந்தார்கள். விமான நிலையத்தில் பூமாலை, மதியம் விருந்து, சாயங்காலம் புத்த பகோடா தரிசனம். இதற்கெல்லாம் நடுவில் டைக்வாண்டோவுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எல்லா வட்டாரத்துப் பிள்ளைகளும் அவள் முன் வரிசையாக வளைந்தார்கள். ஹைக்கே கையை உயர்த்தி நிறுத்தி, இது என்ன என்று கேட்டாள்.

"மியன்மார் நடை" என்றார் ஊ தௌங் சீன்.

அவள் அவரைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். கடைசியில் பெர்சிஸைப் பார்த்தாள். பெர்சிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில், காரை அனுப்பிவிட்டு, இருவரும் எங்கள் சர்ச் ஹாலுக்கு வந்தார்கள். சாவி என்னிடம் இருந்ததால் நானும் போனேன். பெர்சிஸ் கதவைத் திறந்து தூணைக் கையால் காட்டினாள், அவ்வளவுதான்.

ஹைக்கே சிரித்தாள் பாருங்கள், நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெர்சிஸும் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஹைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வெளியே இதைச் செய்தால் மதிப்பெண்ணை வெட்டித் தள்ளிவிடுவார்கள். உன் உடம்பு நல்ல உடம்பு. நேராகப் போ." பிறகு இருவரும் சேர்ந்து அந்த பூம்சேயைச் செய்தார்கள். தூண் வந்தபோது ஜெர்மன்காரியும் ஒதுங்கத்தான் ஒதுங்கினாள்.

அடுத்த வருடம் நர்கிஸ் புயல் வந்து ரங்கூனையே புரட்டிப் போட்டது. மரங்கள் வேரோடு விழுந்தன. எங்கள் ஹாலின் தகரம் பறந்து போயிற்று, சுவர்கள் சரிந்தன. தூண் மட்டும் நின்றது. எதையும் தாங்காமல் இருந்ததால் அதற்கு ஒன்றும் நேரவில்லை. ஜெரால்ட் இடிபாட்டில் நின்று அதைத் தடவிக்கொடுத்து, "பாத்தீங்களா" என்றார். புது ஹாலை அந்தத் தூணைச் சுற்றியே கட்டுவதென்று கமிட்டி முடிவு செய்தது. அவர்கள் ஒரே கூட்டத்தில் முடிவெடுத்தது அது ஒன்றுதான்.

2009 கடைசியில் பாங்காக்கில் அழைப்புப் போட்டி. ஊ தௌங் சீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெர்சிஸ் பெயர் முதலில் இருந்தது. அவர் பெயரும் இருந்தது, அவர் மனைவி பெயரும், மனைவியின் தம்பி பெயரும், இன்னும் பல அதிகாரிகள் பெயரும் இருந்தன. அத்தனை பேர் போன குழுவில் போட்டியிடப் போனவள் இவள் ஒருத்திதான். புறப்படுமுன் அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மியன்மார் நடையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், தருவதாகச் சொல்லியிருந்த நாட்டுப் பயிற்சியாளர் வேலையை மறந்துவிடலாம்.

பெர்சிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸைத் தின்றுகொண்டே நிதானமாகச் சொன்னாள். "நேராத்தான் போகப்போறேன், அத்தான். வேலை போனா போகட்டும்."

"நேரா போய்ப் பழகினியா?" என்றாள் ஜெசி.

"அதுக்கு என்னக்கா பழக்கம்? தூண் இல்லேன்னா நேராத்தானே போவேன்."

அங்கே நடந்ததை அதிகாரிகள் எடுத்த வீடியோவில் பார்த்தேன். பெரிய அரங்கம், நீல விரிப்பு, வரிசையாக நடுவர்கள். முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கான அதே பிரிவில் ஹைக்கேயும் போட்டியிட்டாள். பெர்சிஸ் இறங்கினாள். வணங்கினாள். நான் அவளை இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், அன்று போல் பார்த்ததில்லை. உதைத்த கால் தோளுக்கு மேல் போய் அங்கேயே நின்று இறங்கியது. நடுக்கோட்டுக்கு வந்தாள். அந்த இடம் வந்தது. வலது கால் வெளியே போயிற்று. வளைந்து, சுற்றி, திரும்பி வந்தது.

அவள் முகத்தைக் கேமரா காட்டியது. கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்தவள் மாதிரி தன் காலையே பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மீதியை முடித்து, தொடங்கிய இடத்தில் வந்து நின்று வணங்கினாள். நடுவர்கள் வெட்டித் தள்ளினார்கள். கடைசிக்கு முந்திய இடம். ஹைக்கேக்குத் தங்கம். வெளியே வந்ததும் ஹைக்கே அவளைக் கட்டிக்கொண்டாளாம். பயமா என்று கேட்டாளாம். இல்லை, கால் என்றாளாம் இவள்.

"தப்புன்னு சொன்னாங்க, அத்தான். தெரிஞ்சவங்கதான். சரியாத்தான் சொன்னாங்க" என்றாள் திரும்பி வந்த அன்று. "ஆனா அவங்க பார்த்தது என் பூம்சே இல்ல. ஜெரால்ட் அங்கிளோட தூணு."

எல்லாவற்றையும் கேலி பேசியே காலம் ஓட்டுகிற நான், அன்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஊ தௌங் சீனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தோற்றாலும் நாட்டு நடையை விட்டுக்கொடுக்காத வீராங்கனை என்று விமான நிலையத்திலேயே மாலை போட்டார். அவளை நாட்டின் பூம்சே பயிற்சியாளராக அறிவிப்பதாகவும், பாராட்டு விழா எடுப்பதாகவும் சொன்னார். இத்தனை வருடம் ஒழுங்காகச் செய்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், ஒரு தவறைக் கூட்டம் கூட்டிக் கொண்டாட வந்தார்கள்.

விழாவுக்குச் சில மாதம் இருந்தது. அந்த மாதங்களில் விடிந்தும் விடியாமல் பெர்சிஸ் கால்பந்து மைதானத்துக்குப் போவாள். பந்து உதைக்க வருபவர்கள் வருமுன், லோன்ஜியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த ஒரே இடத்தை நேராக நடப்பாள். நடந்து, திரும்பி, மறுபடி நடப்பாள். கால் வெளியே போகும். நிறுத்துவாள். மறுபடி முதலிலிருந்து. "பயித்தியம் முத்திடுச்சு" என்றார் மாமியார். ஜெசிதான் காலையில் அவளுக்கு மொஹிங்கா எடுத்துப் போவாள்.

2010இல் விழா நடந்தது. மேடை, பூ, பேச்சு, பேச்சுக்கு மேல் பேச்சு. நாங்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஜெரால்டும் வந்திருந்தார், தூண் சார்பில். கடைசியில் ஊ தௌங் சீன் மைக்கைப் பிடித்து, சயாமா இப்போது நம் நாட்டு நடையைச் செய்து காட்டுவார் என்றார்.

பெர்சிஸ் வெள்ளை உடையில் நடுவில் வந்து நின்றாள். வணங்கித் தொடங்கினாள். நடுக்கோட்டில் நடந்தாள். அந்த இடம் வந்தது. ஜெசி என் கையை இறுகப் பிடித்தாள். வலது கால் எழுந்தது, நேராக முன்னால் போயிற்று, அழுத்தமாகத் தரையில் பதிந்தது. திரும்பி வரும்போதும் நேராகவே வந்தாள். அதட்டலான ஒரு குத்து, ஒரு திருப்பம், தொடங்கிய இடம். அவள் செய்து நான் பார்த்ததிலேயே சிறந்தது அது. வேலை அதோடு போயிற்று என்றும் தெரிந்தது. அதைப் பற்றி எனக்கு அப்போது கவலையே வரவில்லை.

எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கை தட்டியவர் ஊ தௌங் சீன். கண் கலங்கியிருந்தது. "பார்த்தீர்களா, எப்படி வளைந்து போனார்" என்றார் மைக்கில். "எந்த நாட்டில் இருக்கிறது இந்த வளைவு?" அதிகாரிகள் தட்டினார்கள். ஜெரால்ட் தட்டினார். விவரம் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவர்களும் தட்டினார்கள். அங்கேயே அவளுக்குப் பயிற்சியாளர் பதவியை அறிவித்தார்கள்.

பெர்சிஸ் கழுத்தில் மாலையோடு கீழே இறங்கி வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. மேடையைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

"அத்தான், நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"நேராத்தானே போனேன்?"

"நேராத்தான் போனே."

அப்போதுதான் அவள் அழுதாள். பூம்சேயில் எது சரி எது தப்பு என்று எனக்கு என்ன தெரியும், நான் ஒரு சாதாரண ஆள். ஆனாலும் அவளுக்குக் கிடைத்த நடுவர் நான்தான்.